நாற்பத்தைந்தாம் இடம்

பனிமய அன்னையின் நவநாள்களுள் ஒரு மாலை, மறைக்கல்வி வகுப்பில் சிறுவன் ஒருவன் என்னை மடக்கிவிட்டான். உரோமை நகரின் எஸ்குலின் குன்றின்மேல், ஆகஸ்டு மாதத்துக் கடுங்கோடையில் பனி பொழிந்து, அன்னைக்கு ஆலயம் எழுப்ப இடம் காட்டியதாக வழங்கும் மரபுக் கதையை, லிபேரியுஸ் திருத்தந்தையின் கனவோடு சேர்த்து விரிவாகவே சொல்லி முடித்திருந்தேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமிதம்கூட உண்டாகியிருந்தது. அப்போதுதான் அவன் எழுந்து நின்று, “பனின்னா எப்படி இருக்கும், சாமி?” என்று கேட்டான்.

“உப்பளத்தில் அம்பாரம் குவித்திருப்பார்களே, அதுபோல வெள்ளையாக இருக்கும்” என்றேன்.

“அது கரிக்குமே, சாமி?”

“சரி, மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் கொட்டுகிறார்களே, அதுபோல.”

“அதுல மீன் வாடை அடிக்கும்லா!”

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு படுக்கையில் அந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. 1555-ஆம் ஆண்டில் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்த அந்தச் சுரூபத்தை நம் முத்துக்குளித்துறை மக்கள் ‘தஸ்நேவிஸ் மாதா’ என்று அழைக்கின்றார்கள். அது போர்த்துக்கீசியச் சொல்; பனிகளின் அன்னை என்பது பொருள். நானூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பனியின் பெயரைச் சொல்லி மன்றாடிக்கொண்டிருக்கும் இந்தக் கரையில், பனியைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வலையையும் வள்ளத்தின் கயிற்றையும் நனைக்கும் ஈரம், கிழவர்களுக்கு இருமலைக் கொண்டுவரும் குளிர், அவ்வளவே. ஐம்பதைக் கடந்து விட்ட நானும் அதற்குமேல் அறியேன். என்னோடு குருமடத்தில் இறையியல் கற்று, மேற்படிப்புக்காக உரோமைக்குச் சென்ற தோழர் ஒருவர், வடக்கே ஓர் ஊரில் முதன்முதலாகப் பனி விழுவதைப் பார்த்துவிட்டு எழுதிய கடிதத்தில், “மழையைப்போல இதற்கு ஓசை இல்லை, அதுதான் அச்சமாக இருக்கிறது” என்று எழுதியிருந்தார். பனியைப் பற்றி எனக்கிருந்த நேரடிச் சாட்சியம் அது ஒன்றே.

மற்றொன்றும் உண்டு, அது ஒரு படம். 1984-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இத்தாலியின் அதமெல்லோ மலையில் பனிச்சறுக்கு விளையாடினார். அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் பெர்த்தினி கூடவே இருந்தார். கால்களில் நீண்ட சறுக்குப் பலகைகளைப் பூட்டிய திருத்தந்தையின் படத்தைச் சிறுவனாயிருந்த நான் ஒரு பத்திரிகையில் பார்த்துத் திகைத்துப்போனேன். திருத்தந்தை என்றால் கைகூப்பி நிற்பவர், அல்லது கையுயர்த்தி ஆசி வழங்குபவர் என்றுதான் எண்ணியிருந்தேன். மலைச்சரிவில் முழங்காலை மடக்கிக் குனிந்து சறுக்குகிறவராக அவரை நினைத்துப் பார்த்ததில்லை.

இவ்வளவுதான் என் பனியறிவு. ஆகவே, 2022 பிப்ரவரியில் என் கைப்பேசிக்கு வந்த ஒரு செய்தி எனக்கு முதலில் விளங்கவில்லை. அனுப்பியவர் முன்பு நான் பணியாற்றிய ஒரு கடற்கரைப் பங்கைச் சேர்ந்த இளைஞர். இப்போது துபாயில் ஒரு பண்டகசாலையில் வேலை பார்க்கிறார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்வேன். “சாமி, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து ஒரே ஒருத்தர். 45-ஆவது இடம். பார்த்தீங்களா?” என்று எழுதி, ஒரு படத்தையும் இணைத்திருந்தார். தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்த ஒருவர், வெள்ளைச் சரிவில், ஏறத்தாழத் தரையைத் தொடுமளவுக்குச் சாய்ந்துகொண்டிருந்தார். முகம் தெரியவில்லை.

நான் பார்த்திருக்கவில்லை. அந்த ஒலிம்பிக்கை நம்மில் பலரும் பார்க்கவில்லை. 2020-இல் கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் காயமுற்ற சீனப் படை அதிகாரி ஒருவரைத் தீபம் ஏந்துவோருள் ஒருவராகச் சீனா அமர்த்தியதால், நம் அரசு அவ்விழாவின் தொடக்க, நிறைவு நிகழ்ச்சிகளுக்குத் தன் தூதரை அனுப்ப மறுத்தது. தூர்தர்ஷனும் அவற்றை நேரடியாக ஒளிபரப்பவில்லை. ஆனாலும் பிப்ரவரி 4-ஆம் நாள் மாலை இந்தியாவின் பெயர் வாசிக்கப்பட்டபோது, மூவர்ணக் கொடியை ஏந்தி ஒருவர் நடந்து வந்தார். இந்தியாவின் சார்பில் போட்டியிட்டவர் அவர் ஒருவரே. பெயர் ஆரிஃப் முகமது கான்.

அந்த மனிதரைப் பற்றி அதன்பின் கிடைத்ததையெல்லாம் வாசிக்கலானேன். மறையுரை ஆயத்தத்துக்கென ஒதுக்கிய நேரத்தில் சிறிது இதற்கும் போயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆரிஃப் 1990 மார்ச்சு மாதம் பிறந்தவர். காஷ்மீரத்தில் பாரமுல்லா மாவட்டத்துத் தங்மார்க் அருகில் ஹாஜிபல் என்னும் சிற்றூர் அவருடையது. அந்த ஆண்டு அப்பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தைகள் எதைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தங்மார்க்கிலிருந்து மலையேறினால் குல்மார்க். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி அது. குளிர்காலத்தில் முழுவதும் பனி மூடிவிடும். ஆங்கிலேய அதிகாரிகள் 1927-இலேயே அங்கே பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். 1902-இல் அவர்கள் கட்டிய புனித மரியாள் ஆலயமும் அங்கே உண்டு. அது நம் சபையைச் சேர்ந்ததன்று. நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, 2003 கிறிஸ்து பிறப்பு விழாவன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டதாம். பனி மூடிய அந்தச் சிறு கோயிலின் படத்தைப் பார்த்தபோது, நம் பேராலயத்தின் பெயர் உண்மையில் அதற்கல்லவா பொருந்தும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆரிஃபின் தந்தை முகமது யாசின் கான், குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கருவிகள் விற்கும் கடையும் சுற்றுலாத் தொழிலும் நடத்தியவர். நம் ஊரில் வள்ளக்காரர் மகன் நான்கு வயதில் அலையில் தூக்கிப் போடப்படுவதுபோல, ஆரிஃபும் நான்கு வயதில் தந்தையால் சறுக்குப் பலகையில் ஏற்றப்பட்டார். பத்து வயதில் தேசியப் போட்டிக்குப் போனார். பன்னிரண்டு வயதில் அதில் தங்கம் வென்றார். 2011-இல் உத்தராகண்டில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளில் ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் ஆகிய இரண்டிலும் தங்கம். இந்திய அளவில் அவர் மறுக்கவியலாத வாகையர்.

ஆனால் இந்த விளையாட்டில் இந்திய அளவு என்பது எவ்வளவு சிறியது! குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயரால் முதன்முதலில் கலந்துகொண்டவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி என்பவர், பிறப்பால் போலந்துக்காரர். 1964-இல் இன்ஸ்புரூக் நகரில் அவர் தனியாளாகப் போட்டியிட்டார். பின்னர் 1988-இல் கால்கரிக்கு மூவர் சென்றனர். அவர்களுள் ஷைலஜா குமார் என்ற பெண் ஸ்லாலத்தில் 28-ஆம் இடம் பெற்றார். இப்படி விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு பட்டியல். அதே கால்கரியில் மலையிறக்கப் போட்டியில் தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் பிர்மின் சூர்பிரிகன், சாஸ்-அல்மாகெல் என்ற மலைக்கிராமத்தில் விடுதி நடத்தியவரின் மகன். ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை நான்கு முறை வென்று, 27 வயதில் ஓய்வும் பெற்றுவிட்டார். பனியை நம்பிப் பிழைத்த தந்தை, பனியில் பழகிய மகன் என்ற அளவில் சூர்பிரிகனும் ஆரிஃபும் ஒன்றே. வேறுபாடு அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஆல்ப்சு மலைப் பிள்ளைக்குப் பயிற்றுநர், தூக்கி வண்டி, கோடையிலும் உருகாத பனியாறு, வாரந்தோறும் போட்டி எல்லாம் வீட்டு வாசலில் இருக்கின்றன. குல்மார்க் பிள்ளைக்கு ஆண்டில் சில மாதப் பனி மட்டும் இருக்கிறது.

இந்தப் போட்டி நடக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த ஊரில் கடற்கரையை ஒட்டி ஒரு மணற்குன்று உண்டு. பனை மட்டையில் உட்கார்ந்து அதன் உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவோம். திரும்ப வேண்டுமானால் ஒரு குதிகாலை மணலில் ஊன்ற வேண்டும். ஊன்றினால் வேகம் குறையும். ஊன்றாவிட்டால் நேரே உடைமரப் புதருக்குள் போய் விழ வேண்டியதுதான். பனிச்சறுக்குப் பந்தயத்தின் சாரம் இதுவே என்று இப்போது விளங்குகிறது. சரிவில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறிக் கம்பங்களை நட்டிருப்பார்கள். ஒவ்வொரு இணைக் கம்பங்களுக்கும் இடையே நுழைந்து வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் போட்டியிலிருந்து நீக்கம். பலகையின் எஃகு விளிம்பைப் பனியில் பதித்துத்தான் திரும்ப முடியும். அழுந்தப் பதித்தால் காலம் போகும், மெல்லப் பதித்தால் கால் வழுக்கும். கம்பங்கள் நெருங்கி நின்றால் ஸ்லாலம், விலகி நின்றால் ஜயன்ட் ஸ்லாலம். இரண்டு முறை இறங்கி, இரண்டு நேரங்களையும் கூட்டுவார்கள். தரவரிசையில் முன்னே நிற்பவர்கள் முதலில் இறங்குவார்கள். எனவே பின்னால் வருகிறவனுக்குக் கிடைப்பது அவர்களுடைய பலகைகள் உழுதுவிட்டுப் போன தடம். இல்லாதவனுக்கு இன்னும் குறைவாகவே கிடைக்கும் என்ற நியதி மலையுச்சியிலும் இருக்கிறது!

ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறுவதற்குப் புள்ளிக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். நாம் அறிந்த கணக்குக்கு நேர்மாறானது. புள்ளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சிறப்பு. அதைக் குறைப்பதற்கு நாடு நாடாகப் போய்ப் போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த ஒலிம்பிக்குக்கு ஆரிஃப் முயன்றார். பயணத்துக்கும் பயிற்சிக்கும் பணம் போதவில்லை. பொதுமக்களிடம் கையேந்தியும் திரளவில்லை. தகுதி நூலிழையில் தவறிப்போயிற்று. அப்போது அவருக்கு 27 வயது. சூர்பிரிகன் எல்லாவற்றையும் வென்று முடித்து ஓய்வுபெற்ற அதே வயது.

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆண்டில் அவருக்கு யாராவது அறிவுரை கூறியிருப்பார்கள். பெரியவர்கள், நலம் விரும்புகிறவர்கள், ஒருவேளை அவருடைய பள்ளிவாசலைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர். ‘போதும் தம்பி, கடையைப் பார்த்துக்கொள்’ என்று. அவர்களுடைய குரலில் என் குரலும் கேட்டது.

அவர் கேட்கவில்லை என்பதுதான் செய்தி. மேலும் நான்கு ஆண்டுகள் பயிற்சி செய்தார். 2021-இல் நடக்கவிருந்த தம் திருமணத்தைத் தள்ளி வைத்தார். தகுதிச் சுற்றுகளுக்கான காலமும் பணமும் அதனால் அவருக்குக் கிடைத்தன. அந்தப் பெண்ணும் சம்மதித்தாராம். இதைப் படித்தபோது எனக்கு முத்துக்குளிப்பின் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆழத்தில் இறங்குகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும் என்பார்கள். தன் தங்கை தாலியறுக்க அவன் சம்மதிக்க மாட்டான் அல்லவா! காஷ்மீரத்தில் கயிற்றைப் பிடித்தது அந்தப் பெண்ணே.

பிறகு நடந்ததை நாவலில் எழுதினால் மிகை என்பார்கள். பனிநாட்டுப் பிள்ளையாகிய ஆரிஃபுக்கு ஸ்லாலம் தகுதி கிடைத்த இடம் துபாய். 2021 நவம்பரில், பாலைவன நகரத்தின் ஒரு வணிக வளாகத்துக்குள், கூரைக்கு அடியில், இயந்திரத்தால் உண்டாக்கிய பனியில் அது நடந்தது. ‘ஸ்கி துபாய்’ என்கிறார்கள், 2005-இல் திறக்கப்பட்டது. 400 மீட்டர் நீளமும் 85 மீட்டர் உயரமும் உள்ள சரிவு. வெளியே வெயில்; உள்ளே உறைநிலைக்கும் கீழான குளிர். கடை வீதியில் நடப்பவர்கள் கண்ணாடி வழியாக அதை வேடிக்கை பார்க்கலாம். அடுத்த மாதம் மாண்டினீக்ரோவில் ஜயன்ட் ஸ்லாலத்துக்கும் தகுதி பெற்றார். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பந்தயங்களுக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அதற்குப் பிறகே, 2022 ஜனவரியில், மத்திய அரசு ‘டாப்ஸ்’ திட்டத்தின்கீழ் 17.46 இலட்சம் ரூபாய் ஒதுக்கியது. ஆஸ்திரியாவுக்குச் சென்று சில வாரங்கள் பயிற்சி பெற்றார்.

போட்டி பிப்ரவரி 13-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பெய்ஜிங்கை அடுத்த யான்சிங் மலையில் நடந்தது. அந்த மலையும் இயற்கையாகப் பனி மிகுந்ததன்று. சரிவுகளில் கிடந்தது ஏறத்தாழ முழுவதும் இயந்திரப் பனியே. ஆனால் அன்றைக்கென்று வானம் திறந்துகொண்டது. உண்மையான பனி, எதிரே நிற்பவர் தெரியாதபடி கொட்டியது. எஸ்குலின் குன்றில் வழிகாட்டியதாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பனி, இங்கே வழியை மறைத்தது. இரண்டாம் சுற்றைத் தாமதித்தே தொடங்கினார்கள். எண்பதுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டதில், ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு சுற்றையும் முடிக்கவில்லை. விழுந்தார்கள், கம்பத்தைத் தவறவிட்டார்கள். ஆல்ப்சு மலைகளில் பிறந்தவர்களும் அவர்களுள் உண்டு.

ஆரிஃப் முடித்தார். முதற்சுற்று 1 நிமிடம் 22.35 விநாடி, இரண்டாம் சுற்று 1 நிமிடம் 24.89 விநாடி, மொத்தம் 2 நிமிடம் 47.24 விநாடி. தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடெர்மாட்டின் நேரம் 2 நிமிடம் 9.35 விநாடி. இரண்டாமிடத்தவர் அவருக்கு 0.19 விநாடியே பின்தங்கியிருந்தார் என்னும்போது, 37.89 விநாடி என்பது எத்தனை பெரிய இடைவெளி! அதை நான் மறைக்கப் போவதில்லை. 45-ஆம் இடம் 45-ஆம் இடமே. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 16-ஆம் நாள், ஸ்லாலத்தின் முதற்சுற்றையே அவரால் முடிக்க இயலவில்லை. நான்காண்டு காத்திருப்பு, தள்ளி வைத்த திருமணம், பாலைவனத்துப் பனி எல்லாம் சேர்ந்து, கணக்கேட்டில் ஒரு 45, ஒரு வெற்றிடம்.

1 நிமிடம் 22 விநாடி. அந்த எண்ணைப் பார்த்தவுடன் என் பாட்டனார் நினைவுக்கு வந்தார். அவர் முத்துக் குளித்தவர். 1961-ஆம் ஆண்டோடு மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அந்தக் கடைசிக் காலத்தில் இறங்கிய குளியாள்களுள் அவரும் ஒருவர். எட்டு ஒன்பது பாகம் ஆழத்துக்குக் கல்லின் துணையால் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் வாரி, கயிற்றை அசைத்து மேலே வர ஆகும் நேரமும் ஏறத்தாழ அதுவே. ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. ஒருவர் உயரத்திலிருந்து இறங்குகிறார். மற்றவர் ஆழத்திலிருந்து ஏறுகிறார். மூச்சின் அளவு ஒன்றாகவே இருக்கிறது.

சிறுவனாயிருந்தபோது நான் அவரிடம், “எத்தனை முத்து எடுத்தீங்க, தாத்தா?” என்று ஓயாமல் கேட்பேன். “எனக்கு எப்படிலே தெரியும்?” என்பார். நான் விளையாட்டாகச் சொல்கிறார் என்று எண்ணியிருந்தேன். உண்மையை வளர்ந்த பிறகே அறிந்தேன். சிப்பிகளைத் திறவாமலேயே ஆயிரக்கணக்கில் குவித்து ஏலம் விட்டுவிடுவார்கள். உள்ளே இருந்தது முத்தா, வெறுஞ்சதையா என்பது ஏலம் எடுத்தவனுக்குத்தான் தெரியும். தம் கையால் எடுத்த முத்து யாருடைய கழுத்துக்குப் போயிற்று என்பது மட்டுமன்று, எடுத்தாரா இல்லையா என்பதே தெரியாமல் அவர் காலத்தை முடித்தார். அதைப்பற்றி வருந்திப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் எத்தனை முறை இறங்கினார் என்பதை மட்டும் சரியாகச் சொல்வார்.

இப்போது அந்த இளைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2013-ஆம் ஆண்டு. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. சங்குகுளிப்பவர் ஒருவரின் மகன். கடலில் நீந்துவதில் அவனுக்கு இணையானவன் எங்கள் பங்கில் இல்லை. பக்கத்துப் பங்குகளிலும் இருந்திருக்க மாட்டான். வங்காளத்தில் பாகீரதி ஆற்றில் ஆண்டுதோறும் நெடுந்தூர நீச்சல் போட்டி ஒன்று நடக்கிறது. 81 கிலோமீட்டர் ஒன்று, 19 கிலோமீட்டர் ஒன்று. பத்தொன்பது கிலோமீட்டரில் நீந்த வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இரயில் செலவுக்கும் தங்குவதற்குமாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்டு என் அறைக்கு வந்தான். வாசலில் நின்றபடி, “தோத்திரம், சாமி” என்று சொல்லிவிட்டு, உள்ளே வரத் தயங்கினான். காலில் மணல் ஒட்டியிருந்தது.

“ஜெயிச்சிருவியா, தம்பி?” என்று கேட்டேன்.

“தெரியாது, சாமி. அங்க உள்ளவங்க ஆத்துலேயே பொறந்தவங்க. ஆனா, முடிச்சிருவேன்.”

“முடிக்கிறதுக்கா பன்னிரண்டாயிரம்?”

இதைச் சொன்னவன் நான். எவ்விதக் கோபத்திலும் சொல்லவில்லை. அன்போடும் அக்கறையோடுமே சொன்னதாக அன்று நம்பினேன். அவன் தந்தைக்கு ஆழத்திலேயே கிடந்து காது கேளாமல் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் தங்கைகள் இருவர். துறைமுகத்துச் சரக்குப்பெட்டி முனையத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், போய்ச் சேர்ந்துகொள் என்றேன். ஒருவரிடம் கடிதமும் கொடுத்தேன். அவன் கடிதத்தை வாங்கி, இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சரி, சாமி” என்றான். அந்த ஆண்டு எங்கள் பங்குத் திருவிழாவுக்கு மின்விளக்கு அலங்காரத்துக்கு மட்டும் எவ்வளவு செலவாயிற்று என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பன்னிரண்டாயிரத்தைவிட அதிகம்.

நான் சொன்னது முழுத்தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பத்துக்குச் சோறு வேண்டியிருந்தது. அவன் வேலைக்குப் போனான். பின்னர் துபாய் சென்றான். தங்கைகளுக்குத் திருமணம் முடித்தான். என் அறிவுரை பலித்தது என்று கணக்கெழுதிவிடலாம். ஆனால் அவன் சொன்ன சொல்லை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது, ஆரிஃபின் 2 நிமிடம் 47.24 விநாடியைப் படித்த அன்றுதான் எனக்கு உறைத்தது. தம் ஓட்டத்தை முடித்ததைப் பற்றித் திமொத்தேயுவுக்கு எழுதும் புனித சின்னப்பர், எத்தனையாவதாக வந்தார் என்பதைக் குறிப்பிடவே இல்லை. அந்தப் பகுதியை எத்தனை அடக்கத் திருப்பலிகளில் விளக்கியிருப்பேன்! சவப்பெட்டிக்கு முன் நின்று சொல்லத் தெரிந்ததை, உயிரோடு வாசலில் நின்ற பத்தொன்பது வயதுப் பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் செய்தியை அவர் ஏன் எனக்கு அனுப்பினார் என்பது வெகுநாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. குத்திக்காட்டவா, இல்லை, சாமிக்கும் பிடிக்கும் என்ற வெள்ளை மனத்தாலா? கைப்பேசியில் கேட்கக் கூசினேன்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பத்தாண்டுகளுக்குப் பிறகு பனிமய அன்னையின் தங்கத்தேர் ஓடியது. அதற்காகவே விடுப்பு எடுத்து, மனைவியோடும் சிறு மகளோடும் ஊருக்கு வந்திருந்தார். கூட்டத்தில் என்னைக் கண்டு, தேர் நிலைக்கு வந்த பிறகு தேடி வந்தார். ஆளே பருத்திருந்தார், நெற்றி ஏறியிருந்தது. ஆலய வளாகத்துச் சுவரோரம் கொஞ்சம் நிழல் இருந்தது, அங்கே நின்றோம். நான் சுற்றிவளைக்கவில்லை. “அன்றைக்கு உன்னைப் போக விட்டிருக்க வேண்டும்; என்னை மன்னித்துக்கொள்” என்றேன்.

அவர் பதறிப்போனார். “என்ன சாமி, நீங்க போய்...” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிறிது நேரம் பேசவில்லை. மகளைத் தூக்கி மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். “அந்தத் தண்ணி எப்படி இருக்கும்னு மட்டும் சில நேரம் நினைப்பேன், சாமி. உப்பில்லாத தண்ணி. நல்லா மிதக்க விடாதுன்னு சொல்வாங்க” என்றார்.

பேச்சை மாற்றுவதற்காகவே நான் அந்தக் காஷ்மீரத்து வீரர் துபாயில் தகுதி பெற்ற கதையைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

“அந்த மாலுக்கு உள்ளேயா? கண்ணாடிக்கு அந்தப் பக்கமா? நான் போயிருக்கேனே, சாமி! இவளுக்குப் பனி காட்டணும்னு வெளியவே நின்னு பார்த்துட்டு வந்திருக்கோம். உள்ள போற டிக்கெட்டு கூடுதல்.”

“2021 நவம்பரில்” என்றேன்.

“நவம்பரா?” அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “நாம போனது எப்போ? மழை பெய்ஞ்சுதே, அதுக்கு முந்தியா, பிந்தியா?”

அந்த அம்மாள் யோசித்தார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை என்றார். இல்லை, அது அதற்கு முந்தின ஆண்டு என்று அவர் மறுத்தார். தேர்வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களை விலகச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். இருவரும் விரல்விட்டு மாதங்களை எண்ணிக்கொண்டே சுவரோரமாக நகர்ந்தார்கள்.